ஆல்கஹால் இல்லாத பீர்: மொட்டை மாடியில் எட்டு டம்ளர்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்கேன் பார்த்த டாக்டர், "கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. பீர் இனிமே வேண்டாம்" என்றார். விஸ்கி, பிராந்தி பக்கம் நான் போனதே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ராணிப்பேட்டை டேனரியிலிருந்து (தோல் பதனிடுகிற தொழிற்சாலை) சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பீர். இருபத்தைந்து வருஷமாக அவ்வளவுதான் என் குடி. அதுவும் அன்றோடு போயிற்று.

போதை எனக்கு வேண்டியிருக்கவில்லை என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. ஏங்கியது வேறொன்றுக்கு. வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கும் மாடித் தரை காலைச் சுடும். அந்த நேரத்தில் தொண்டையில் ஜில்லென்று இறங்குகிற ஒரு கசப்பு இருக்கிறதே, அதற்குத்தான் ஏங்கினேன். மோர் குடித்தேன், நன்னாரி சர்பத் குடித்தேன், உப்புப் போட்ட எலுமிச்சை சோடா குடித்தேன். எல்லாமே நல்ல பானங்கள்தான், ஆனால் எதிலும் அந்தக் கசப்பு இல்லை. அப்படித்தான் ஆல்கஹால் இல்லாத பீரைத் தேட ஆரம்பித்தேன். கல்லீரல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். "ஜீரோன்னு போட்டிருக்கறதா பார்த்து, எப்பவாவது ஒண்ணு குடிங்க. சர்க்கரையையும் பாருங்க" என்றார்.

என் தொழில் தோல் தரம் பிரிப்பது. செலக்‌ஷன் என்போம். மேஜையில் தோலை விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, கையால் தடவி, முதல் தரமா இரண்டாவதா என்று போடுவது. எந்த ஊர்ச் சரக்கு, யார் அனுப்பியது என்று தெரிந்துகொண்டு தோலைப் பார்த்தால் கை பொய் சொல்லும். இது என் அப்பா சொல்லிக்கொடுத்தது. அவர் பேரணாம்பட்டில் பட்டை போட்டுத் தோல் பதப்படுத்திய காலத்து ஆள். ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரை நாக்கில் தொட்டே அதன் பலத்தைச் சொல்லிவிடுவார், அதை அளக்கிற பார்க்கோமீட்டர் கருவி அப்புறம்தான் வரும். கடுக்காயும் பட்டையும் தருகிற துவர்ப்பு எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கமான ருசி. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. கசப்பு நாக்கில் தங்கும், துவர்ப்பு வாயை இழுத்துப் பிடிக்கும். நல்ல பீரில் இரண்டும் உண்டு. கசப்பு ஹாப்ஸ் என்கிற கொடியின் பூங்கொத்திலிருந்து வருவது. துவர்ப்பு அந்தப் பூவிலிருந்தும் பார்லி உமியிலிருந்தும் வருவது.

முதலில் வாங்கிய கேனே தப்பு. சூப்பர்மார்க்கெட் ஃபிரிட்ஜில் எலுமிச்சைப் படம் போட்டு, ராட்லர் என்று எழுதியிருந்தது. குடித்தால் இனிப்பு. ஜெர்மன் மொழியில் ராட்லர் என்றால் சைக்கிள் ஓட்டுபவர். பீரையும் எலுமிச்சை சோடாவையும் கலந்து குடிக்கிற வழக்கத்துக்கு அங்கே அந்தப் பெயர். அதனால் பானத்தின்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் தேடியது ஒன்று, கையில் எடுத்தது வேறொன்று. இஞ்சி, புதினா, பீச், ஸ்ட்ராபெர்ரி என்று வருகிற எல்லாமே சோடா பக்கம் சாய்ந்தவை. பீரின் ருசி வேண்டுமென்றால் பழ வாசனை போடாததை எடுக்க வேண்டும். இது தெரிய எனக்கு ஆறு கேன் செலவானது.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். ஒரு கடை வாசலில், கண்ணாடி ஷெல்ஃபில், மத்தியான வெயில் நேராக விழுகிற இடத்தில் பச்சை பாட்டில்கள் வரிசையாக நின்றன. இரண்டு வாங்கி வந்து ஜில்லாக்கித் திறந்தேன். மூக்கில் அடித்தது சுண்ணாம்புக் குழி வாடை. தோலில் முடி கழற்ற சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவோம், அந்தக் கந்தக நெடியின் தம்பி மாதிரி ஒன்று. பானம் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டினேன். பிற்பாடு படித்துத்தான் காரணம் தெரிந்தது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடையும். உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து அந்த நாற்றத்தை உண்டாக்கும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. கேனுக்குள் வெளிச்சமே போகாது. அதிலிருந்து நம் ஊர்க் கடைகளில் நான் கேன் மட்டும்தான் வாங்குகிறேன். பாட்டில்தான் கிடைக்கிறது என்றால் பழுப்பு நிறமாகவும், கடைக்குள் இருட்டில் இருந்ததாகவும் பார்த்து எடுக்கிறேன். கடைக்காரரிடம் "உள்ள இருக்கறத எடுத்துக் குடுங்க" என்று கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

லேபிளில் இருக்கிற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் அதிகம். ஆல்கஹால் இல்லாதது என்ற ஒரே பெயருக்கு நாட்டுக்கு நாடு அர்த்தம் மாறும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கொண்டுவந்த விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். ஜெர்மனியிலும் 0.5 வரை இருப்பதை ஆல்கஹால் இல்லாதது என்றே எழுதலாம். பிரிட்டனில் அந்த வார்த்தைக்கு 0.05 வரைதான் இடம். 0.5 என்கிற கோடு அமெரிக்காவில் 1919-இல் வந்த மதுவிலக்குச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே காய்ச்சியதை அங்கே நியர் பீர் என்று விற்றார்கள். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில்கூட ஆல்கஹால் துளி இருக்கத்தான் செய்யும், அதனால் 0.5 என்பது போதை தருகிற அளவு இல்லை. ஆனால் மதக் காரணத்துக்காகவோ மருந்துக்காகவோ துளியும் கூடாது என்பவர்களுக்கு 0.5-உம் 0.0-உம் ஒன்று இல்லை.

அப்புறம், எப்படிச் செய்கிறார்கள் என்பது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ருசி பிடிபட ஆரம்பித்தது. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கிற அதே வேலைதான். அந்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான கஷாயம் கிடைக்கும். ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் தரும். ஆல்கஹால் வேண்டாமென்றால் இரண்டு பாதை. ஒன்று, வரவே விடாமல் பார்த்துக்கொள்வது. ஈஸ்ட்டே போடாமல் விடலாம், போட்டதைக் குளிரில் வைத்து சீக்கிரம் நிறுத்தலாம், அல்லது மால்ட் சர்க்கரையைத் தின்னத் தெரியாத ஈஸ்ட் வகையைப் போடலாம். இன்னொன்று, முழுசாகப் பீர் காய்ச்சிவிட்டு ஆல்கஹாலைப் பிரித்தெடுப்பது.

முதல் பாதையில் வருகிறவற்றில் ஹார்லிக்ஸ் வாசனை அடிக்கும். இது என் கற்பனை இல்லை. ஹார்லிக்ஸும் மால்ட்தானே. மால்ட் கஷாயத்தில் இருக்கிற அந்த வாசனைப் பொருட்களை ஈஸ்ட் முழுசாக வேலை செய்தால் மாற்றிவிடும். பாதியில் நிறுத்தினால் அப்படியே தங்கிவிடும். இரண்டாவது பாதையில் ஹார்லிக்ஸ் வாசனை போய்விடும், ஆனால் பானம் தண்ணீராகத் தோன்றும். ஆல்கஹால் போதைக்கு மட்டும் இல்லை, வாயில் ஒரு கனத்தையும் லேசான இனிப்பையும் தருவது அதுதான், வாசனையைப் பிடித்துவைப்பதும் அதுதான். அதை எடுத்தால் கூடவே இவையும் கிளம்பிவிடும்.

பிரித்தெடுக்கிற முறைகள் இரண்டுமே வடாற்காட்டுக்காரனுக்குப் பக்கத்து விஷயம். ஏலகிரி மலையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது? மேலே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், அதனால் சூடு போதவில்லை. அதையே யந்திரத்துக்குள் இன்னும் பலமடங்கு அழுத்தத்தைக் குறைத்துச் செய்தால், சாதாரணமாக 78 டிகிரியில் கொதிக்கிற ஆல்கஹால் 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகிவிடும், பீர் வேகாமல் தப்பிக்கும். இன்னொன்று சவ்வு வழியாக வடிப்பது, அதாவது நம் ஆர்.ஓ. பாலாற்றுக் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, சுத்திகரிக்காமல் டேனரி நடத்த முடியாது என்று ஆனது. அப்புறம் வந்த நிலையங்களில் இந்த ஆர்.ஓ. சவ்வுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களுக்கு வயதானது. உப்புத்தண்ணீரைப் பிரிக்கிற அதே தத்துவம் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் பீரிலிருந்து ஆல்கஹாலைப் பிரிக்கிறது என்று படித்தபோது, ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எட்டு டம்ளர் கதைக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். மேல்விஷாரத்து பாய், என்னோடு டேனரியில் இருந்தவர், பன்னிரண்டு வருஷம் ரியாத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவர் மகன் இப்போதும் அங்கேதான். அக்கா மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒருமுறை ஜெர்மனி போய் வருவான். பக்கத்து வீட்டுப் பெண் இங்கே நர்ஸிங் படித்துவிட்டு லண்டனில் வேலை பார்க்கிறாள். எல்லோரிடமும் "வரும்போது ரெண்டு கேன்" என்று சொல்லிவைத்தேன். கேபின் பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, துணிகளுக்கு நடுவில். பாட்டிலைவிட கேன் பத்திரம். ஒரே சமயத்தில் கையில் இருக்கிற மாதிரி எல்லோரும் வருகிற மாதங்களைப் பார்த்துக் கேட்டேன், ஏனென்றால் இவை ரொம்ப நாள் தாங்காது. தேதி நெருங்கிய கேனில் அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும்.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை எட்டு வகை சேர்ந்தது. இங்கேயே சூப்பர்மார்க்கெட்டில் வாங்கியவை ஹைனெகன் 0.0, பட்வைசர் 0.0, ஹோகார்டன் 0.0. பாய் மகன் கொண்டுவந்தவை பார்பிகனும் பவாரியாவும். அக்கா மகன் கொண்டுவந்தவை கிளாஸ்தாலரும் எர்டிங்கரும். லண்டனிலிருந்து வந்தது கின்னஸ் 0.0.

பெயரை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது என்பது அன்றைக்கே தெரிந்தது. பவாரியா ஜெர்மனியின் மாநிலம் என்று நினைத்து அந்தக் கேனை ஜெர்மனிப் பக்கம் வைத்தேன். அது நெதர்லாந்தில் லீஸ்ஹவுட் என்ற கிராமத்துச் சரக்கு. வளைகுடா முழுக்கக் கிடைக்கிற பார்பிகன், பாஸ் என்ற பிரிட்டன் பீர்க் கம்பெனி ஆரம்பித்தது. பிற்பாடு அது ஒரு சவுதி நிறுவனத்தின் கைக்குப் போனது.

தோலைப் பார்க்கிற மாதிரியே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பெயர் தெரியக் கூடாது. அக்கா மகன் சமையலறையில் ஊற்றி எண் போட்டுக் கொண்டுவந்தான். எவர்சில்வர் டம்ளர், நிறம் தெரியாமல் இருக்க. ஒவ்வொன்றிலும் 60 மில்லி. லேசானது முதலில், இனிப்பும் கனமும் கடைசியில். நடுவில் தண்ணீர், ஒரு பிடி பொரி, இரண்டு நிமிஷம். பொரியில் உப்பு காரம் எதுவும் இல்லை, நாக்கைத் துடைத்த மாதிரி ஆக்கிவிடும். ஒவ்வொருவரும் தனித்தனிச் சீட்டில் எழுத வேண்டும், முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒருவர் "நல்லா இருக்கு" என்றால் மற்றவர் நாக்கும் அதற்குப் பின்னாலேயே போய்விடும்.

பாய் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். "அண்ணே, நான் கொண்டாந்த ரெண்ட மட்டும் குடிக்கிறேன். மத்தது வாசனை பாக்கறேன்." காய்ச்சிய பிறகு ஆல்கஹாலை எடுத்தது அவர் மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் அவருக்கு மட்டும் எந்த எண்ணில் எது என்று அக்கா மகன் காதில் சொல்லிவிட்டான். விருந்தாளிக்குக் கொடுக்கும்போது லேபிளில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது, எப்படிச் செய்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை. "ஜீரோதான், குடிங்க பாய்" என்று கையில் திணிக்கிற விஷயம் இல்லை இது.

நான்காவது ஆள் என் மனைவி. வாழ்க்கையில் பீரைத் தொட்டதில்லை. "என்னங்க, கேன்ல பீர்னுதானே போட்டிருக்கு?" என்று தயங்கினாள், நானும் வற்புறுத்தவில்லை. எண் போட்ட டம்ளர் வந்ததும் மோந்து பார்த்தாள், அப்புறம் ஒரு வாய் குடித்தாள், அப்புறம் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட நல்ல நாக்கு அவளுடையதுதான். இருபத்தைந்து வருஷம் பீர் குடித்த நான் பீர் மாதிரி இருக்கா என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் டம்ளரில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதினாள்.

ஒன்றாம் எண்ணுக்கு அவள் எழுதியது: "சோடா, லேசா சாதம் வடிச்ச வாசனை." எடுத்துப் பார்த்தால் பட்வைசர். அரிசியும் சேர்த்துக் காய்ச்சுகிற அமெரிக்க வகை அது. இரண்டாவது பவாரியா. அதற்கு "தண்ணியா கலக்கின ஹார்லிக்ஸ்" என்று அவளும் அக்கா மகனும் கலந்து பேசாமலே ஒரே வார்த்தையை எழுதியிருந்தார்கள். மூன்றாவது ஹைனெகன், பழ வாசனை கொஞ்சம், கசப்பு கொஞ்சம், இரண்டுமே நாக்கில் தங்காமல் சீக்கிரம் போய்விடும். 2017-இல் வந்தது, முழுசாகக் காய்ச்சி ஆல்கஹாலை எடுத்து, வாசனையைத் திரும்பச் சேர்ப்பது. குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் நினைவில் நிற்கவும் இல்லை.

நான்காவது டம்ளரில் என் கை நின்றுவிட்டது. முதலில் மால்ட், ரொட்டி மேலோடு மாதிரி. அப்புறம் கசப்பு. நாக்கின் பின்னால் போய் உட்கார்ந்து, விழுங்கிய பிறகும் அங்கேயே இருந்தது. கடைசியில் வாயோரத்தில் இழுக்கிற துவர்ப்பு. மூன்று வருஷமாக மாடியில் தேடிக்கொண்டிருந்தது இதுதான். மனைவி சீட்டில் "வேப்பம்பூ ரசம்" என்று எழுதியிருந்தாள், அவள் முகத்தில் சுளிப்பு இல்லை. சித்திரை முதல் நாள் வைக்கிற ரசத்தை ரசித்துக் குடிக்கிறவள் அவள். அதை வைத்து ஒன்று புரிந்தது. கசப்பு நம் நாக்குக்குப் புதுசில்லை. பாகற்காய், சுண்டைக்காய் வத்தல், வெந்தயம், வேப்பம்பூ என்று சாப்பிடுகிறவர்களுக்கு ஹாப்ஸ் ஒரு தூரத்துச் சொந்தம்தான். கசப்பைப் பிடித்தவர்கள் இந்தப் பக்கம் தைரியமாக வரலாம்.

அது கிளாஸ்தாலர். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் ஊர்ச் சரக்கு, 1979-இல் வந்தது. ஈஸ்ட்டை ரொம்பப் போக விடாமல் கட்டுப்படுத்திக் காய்ச்சுகிற முறை, அதாவது ஹார்லிக்ஸ் வாசனை வரவேண்டிய பாதை. வாசனை வரத்தான் செய்தது, ஆனால் கசப்பு அதன்மேல் ஏறி நின்றது. என் கணக்கு இங்கே கொஞ்சம் மாறியது. எந்தப் பாதையில் செய்தது என்பது பாதி, மால்ட்டுக்கு ஈடாகக் கசப்பை எவ்வளவு வைத்தார்கள் என்பது மீதி.

ஐந்தாவது ஹோகார்டன், பெல்ஜியத்துக் கோதுமை வகை. "தனியாப் பொடி, ஆரஞ்சுத் தோல்" என்று மனைவி எழுதியிருந்தாள். உண்மையிலேயே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுச் செய்கிற பானம் அது. சீட்டைப் படித்ததும் அக்கா மகன் "அத்தை, நீங்க எங்க கம்பெனிக்கு வந்து லெதர் பாருங்க" என்றான். எனக்கு அது இனிப்பு கூடுதல். ஆறாவது எர்டிங்கர், அதுவும் கோதுமை, மியூனிக் பக்கத்து எர்டிங் ஊர். பன் ரொட்டி வாசனை, வாயில் கனம். மாரத்தான் ஓட்டம் முடிகிற இடத்தில் அங்கே இதைக் கொடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். ஓடி வியர்த்தவனுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்.

ஏழாவது பார்பிகன். நான் சீட்டில் எழுதியது "கேழ்வரகு மால்ட்டில் கேஸ்", கொடுத்தது கடைசி இடம். பாய் கொடுத்தது முதல் இடம். ரியாத்தில் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் வேலை முடித்து வந்து, கப்ஸா சோற்றோடு குடித்த பானம் அவருக்கு. "அண்ணே, உங்களுக்கு பீர் ஞாபகம், எனக்கு ரியாத் ஞாபகம். நான் இத எதோட ஒப்பிடணும்?" என்றார். நான் சீட்டை மடித்துவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பீரே தெரியாமல் இதைக் குடிக்கிறவருக்கு இது நகல் இல்லை, தனியாக ஒரு மால்ட் பானம். அதனால் எது நல்லது என்று யாராவது என்னைக் கேட்டால், முன்னால் என்ன குடித்தீர்கள் என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன்.

எட்டாவதை டம்ளரால் மறைக்க முடியவில்லை. கேனைத் திறந்ததும் உள்ளே இருக்கிற சின்னப் பந்து நைட்ரஜனைச் சீறவிட்ட சத்தமே கின்னஸ் என்று சொல்லிவிட்டது. கறுப்பு, மேலே பால் ஆடை மாதிரி நுரை. வறுத்த பார்லியின் கசப்பு, கெட்டி டிகாக்‌ஷன் வாசனை. எட்டில் உண்மையான பீருக்கு ரொம்பக் கிட்டே வந்தது இதுதான் என்று நானும் அக்கா மகனும் எழுதினோம். எனக்கு இதன் காரணம் தெளிவாகவே தெரிகிறது. வறுத்த தானியத்தின் ருசி பலமானது, ஆல்கஹால் போன இடத்தை அதுவே நிரப்பிவிடும். லேசான மஞ்சள் பீரில் நிரப்ப ஆள் இல்லை. இங்கே கறுப்பு வகை கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள்.

மறுவாரம் மிச்சம் இருந்தவற்றைப் பெயர் தெரிந்தே குடித்துப் பார்த்தேன். மதிப்பெண் மாறியது. பழைய பழக்கத்தில் எனக்குப் பிடித்த பெயர்கள் மேலே வந்தன, பட்வைசர் இரண்டு படி ஏறியது. மறைத்துக் குடித்த சீட்டைத்தான் இப்போது நம்புகிறேன்.

ஜப்பான் வகை ஒன்றைத் தனியாகக் குடித்திருக்கிறேன், அசாஹி டிரை ஜீரோ. ஈஸ்ட் போடாமல், நார்ச்சத்தும் வாசனையும் செயற்கை இனிப்பும் சேர்த்துச் செய்தது, கலோரி பூஜ்யம். காரமான சாப்பாட்டோடு ஜில்லென்று போனது, தனியாகக் குடித்தபோது மருந்து வாசனை தெரிந்தது. 2009-இல் கிரின் கம்பெனி முதல் 0.00 பானத்தைக் கொண்டுவந்தது அந்த நாட்டில்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எதிரான சட்டம் அங்கே கடுமையானதும் இந்தத் தேவை பெருகியது. கிழக்கு ஜெர்மனியிலும் 1972-இல் வண்டி ஓட்டுபவர்களுக்கென்றே ஆவ்பி என்று ஒரு பீர் செய்தார்கள்.

சர்க்கரை பற்றி டாக்டர் சொன்னதை நான் முதலில் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன், அது தப்பு. ஆல்கஹால் இல்லை என்றால் சர்க்கரை இல்லை என்று அர்த்தமாகாது. ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை கேனுக்குள்தான் இருக்கிறது. ஹைனெகன் 0.0-வில் 330 மில்லிக்கு 69 கலோரி, எர்டிங்கர் அரை லிட்டருக்கு 125. நான் முன்னே குடித்த 650 மில்லி பாட்டிலில் 250-க்கும் மேலே போகும், அதோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் பழ வாசனை போட்டவற்றில் சர்க்கரையைத் தனியாகவே சேர்க்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்கள் கேனின் பின்னால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. எனக்கு அந்த எண் 3-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டோடு: ஆம்பூர் பிரியாணிக்கும் கத்தரிக்காய்த் தொக்குக்கும் கசப்பான வகை பொருந்துகிறது, நெய்யை வெட்டிவிடும். கறி வறுவலுக்குக் கறுப்பு. காரம் தூக்கலாக இருந்தால் கேஸ் நாக்கை இன்னும் எரிக்கும், அப்போது எர்டிங்கர் மாதிரி லேசான இனிப்பு உள்ளது ஆற்றும். வெறுமனே உட்கார்ந்து குடிக்க வேகவைத்த வேர்க்கடலை போதும்.

கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள், கேனிலிருந்து நேராக வேண்டாம். வாசனை பாதி அதில்தான் வெளியே வருகிறது. கிளாஸில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும். மஞ்சள் வகைகள் ஃபிரிட்ஜ் குளிரில் அப்படியே இருக்கட்டும், குளிர் அவற்றின் தண்ணீர்த்தனத்தை மறைக்கும். கோதுமையையும் கறுப்பையும் வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் வைத்த பிறகு குடித்தால் ருசி விரிகிறது.

அவசரத்துக்கு ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். சாதாரண பீர் உறைய மைனஸ் இரண்டு டிகிரிக்கும் கீழே போக வேண்டும். ஆல்கஹால் இல்லாதது கிட்டத்தட்ட தண்ணீர் உறைகிற இடத்திலேயே உறைந்துவிடும். ஃபோன் வந்தது என்று மறந்துபோய், ஒரு பாட்டில் வெடித்து, மனைவி வைத்திருந்த தேங்காய்த்துருவல் முழுக்கக் கண்ணாடித் தூள். ஐஸ் தண்ணீரில் உப்புப் போட்டுப் பாட்டிலை முக்கிவைத்தால் கால் மணி நேரத்தில் ஜில்லாகிவிடும், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். திறந்ததை மறுநாளுக்கு வைக்கவும் கூடாது. கிருமியைத் தடுக்க ஆல்கஹால் இல்லாததால் இது சீக்கிரம் கெடும். கின்னஸ் 0.0-வே 2020-இல் வெளியான சில நாட்களில் பூஞ்சை பிரச்சினை என்று அந்த நிறுவனம் தானே திரும்பப் பெற்று, மறு வருஷம் சரிசெய்து கொண்டுவந்தது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்த மே மாதச் சனிக்கிழமை ஐந்தாவதாக ஒருவரையும் கூப்பிட்டிருந்தேன். டேனரியில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மை ஓட்டுகிறவர், என் வயது. குடியால் வீட்டை இழக்கிற நிலைக்குப் போய், சிகிச்சை எடுத்து, இரண்டு வருஷமாகத் தொடாமல் இருப்பவர். அவருக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். வந்து உட்கார்ந்தார். கீழே சமையலறையில் முதல் கேன் திறக்கிற சத்தம் கேட்டது. டம்ளர் வந்தது. மோந்து பார்த்து, கீழே வைத்தார். "வரேன்பா" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "வாசனை வந்ததும் வாய்ல எச்சி ஊறிச்சு. கை நடுங்கிச்சு. ராத்திரி பூரா தூங்கல. உங்க மேல கோவம் இல்ல, ஆனா எனக்கு இது வேணாம்பா" என்றார்.

எனக்கு நாக்கு ஞாபகம் வைத்திருந்தது ருசியை. அவர் உடம்பு ஞாபகம் வைத்திருந்தது வேறு. அதே வாசனை, அதே நுரை, அதே சத்தம். டம்ளருக்குள் ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா என்று மூளைக்குத் தெரியாது. குடிக்கு அடிமையாகி மீண்டவர்கள் பக்கத்தில் இதைத் திறக்கவே கூடாது, டாக்டரைக் கேட்காமல் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவர்களுக்கு 0.5 வகையும் ஆபத்து. அந்த மாத்திரையோடு கொஞ்சம் ஆல்கஹால் சேர்ந்தாலே வாந்தி, படபடப்பு, மூச்சுத்திணறல் வரும். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். விசாரிக்காமல் கூப்பிட்டது என் பிழை.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் வருகிறார். அன்றைக்கு மத்தியானமே ஃபிரிட்ஜில் இருக்கிற கேன்களைப் பையில் போட்டுக் கீழ் வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். மனைவி பானை நிறைய நன்னாரி கரைத்து, எலுமிச்சை பிழிந்து வைப்பாள். எட்டு மணிக்கு மாடியில் நாற்காலி போடுவோம். போன தடவை பாயும் வந்திருந்தார், வேர்க்கடலை கொண்டுவந்தார்.